சோபெகெம்சாஃப் கல்லறைக் கொள்ளை: ஒரு பழைய வழக்கின் கோப்பு

எகிப்தின் பிரமிடு என்றதும் நம் மனதில் வருவது கீசாவின் கல் மலைகள்தான். இந்த வழக்கில் வரும் பிரமிடு அப்படிப்பட்டதல்ல. இன்றைய லக்ஸர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில் திரா அபு எல் நாகா என்றொரு மலைச்சரிவு இருக்கிறது. அங்கே 17-ஆம் வம்சத்து அரசர்கள் சுடாத மண் செங்கல்லால் சிறிய, செங்குத்தான பிரமிடுகளைக் கட்டிக்கொண்டார்கள். அவற்றில் ஒன்றின் அடித்தளத்தை ஜெர்மன் தொல்லியல் குழு 2001-ல் கண்டுபிடித்தது. பக்கத்துக்கு ஏறக்குறைய 11 மீட்டர்தான். நம்மூர்ப் பெரிய வீடு ஒன்றின் மனை அளவு, அவ்வளவே. நாட்டின் வடபகுதி, மேற்காசியாவிலிருந்து வந்த ஹிக்சோஸ் அரசர்கள் கையில் இருந்த நெருக்கடியான காலம் அது. தெற்கே தீப்ஸ் (இன்றைய லக்ஸர்) நகரத்து அரசர்களுக்கு அதற்கு மேல் வசதி இல்லை. ஆனால் கட்டடம் சிறியதாக இருந்தாலும், உள்ளே படுத்திருந்தவர் மேல் தங்கம் இருந்தது.

அந்த அரசர்களில் ஒருவர் சோபெகெம்சாஃப். அவரை அடக்கம் செய்து சுமார் 450 ஆண்டுகள் கழித்து, ராம்சேஸ் IX ஆட்சியின் 13-ஆம் ஆண்டில், அவருடைய கல்லறைக்குள் சிலர் புகுந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, அதாவது ஏறக்குறைய கி.மு. 1110-ல், அது விசாரணைக்கு வந்தது. அந்த விசாரணையின் காகிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. பாபிரஸ் என்ற நாணல் தாள் என்றாலும் கோப்பு கோப்புதான்: தேதி, அதிகாரிகள் பெயர், வாக்குமூலம், தீர்ப்பு எல்லாம் இருக்கின்றன. முக்கியமானவை இரண்டு. ஒன்று அபட் பாபிரஸ். கெய்ரோவில் வாழ்ந்த மருத்துவர் ஹென்றி அபட்டிடமிருந்து பிரிட்டிஷ் மியூசியம் 1857-ல் வாங்கியது. அதிகாரிகள் கல்லறைகளைச் சோதித்த அறிக்கை. இன்னொன்று லியோபோல்ட்–அம்ஹெர்ஸ்ட் பாபிரஸ், திருடர்களின் வாக்குமூலம். ஒன்றை மட்டும் படித்தால் பாதிக் கதைதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் வழக்கு எங்கே கோணியது என்று தெரிகிறது.

முதலில் வாக்குமூலம். பேசுகிறவர் பெயர் அமென்பனுஃபர், கல் வெட்டும் தொழிலாளி. மேற்குக் கரைக் கல்லறைகளைத் திருடப் போவது தங்கள் வழக்கம், வழக்கப்படியே அன்றும் போனோம் என்று தயக்கமில்லாமல் தொடங்குகிறார். கூட இருந்தவர்களில் தச்சர், உழவர், தண்ணீர் சுமப்பவர் இருந்தார்கள். படகுக்காரரும் ஒருவர். கிழக்குக் கரையில் ஊர், மேற்குக் கரையில் கல்லறைகள். படகு இல்லாமல் காரியம் நடக்காது. ஆக இந்தக் கூட்டத்தில் வேலைக்கு ஆகாதவர் என்று யாரும் இல்லை. செப்புக் கருவிகளால் உடைத்து உள்ளே போனார்கள். கையில் எரியும் விளக்கோடு கீழே இறங்கினார்கள். கடைசி அறையில் அந்தத் தெய்வம் படுத்திருப்பதைக் கண்டோம் என்கிறார் அமென்பனுஃபர். செத்துப்போன அரசன் எகிப்தியர்களுக்குத் தெய்வம். அடி வாங்கி வாக்குமூலம் கொடுக்கும்போதும் அந்த மரியாதைச் சொல் அவர் வாயிலிருந்து போகவில்லை.

அரசனின் உடலோடு ஒரு வளைந்த வாள். கழுத்து நிறையத் தங்கத் தாயத்துகளும் நகைகளும். முகத்தில் தங்கக் கவசம். பெட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் தங்கமும் வெள்ளியும், பதித்த கற்களும். பக்கத்து அறையில் அரசி நுப்காஸ், அதே போல. இருவர் மேலிருந்த தங்கத்தையும் எடுத்துக்கொண்டு பெட்டிகளுக்குத் தீ வைத்தார்கள்.

இந்தத் தீ எனக்கு எப்போது படித்தாலும் உறைக்கிற இடம். மரத்தின் மேல் ஒட்டிய மெல்லிய தங்கத் தகட்டைச் சுரண்டிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. மரத்தை எரித்தால் தங்கம் சாம்பலில் கிடைக்கும். தொழில் தெரிந்தவர்களின் கணக்கு அது. ஆனால் உடல் அழிந்தால் மறுமை இல்லை என்பது எகிப்தியரின் நம்பிக்கை. தீ வைத்த எட்டுப் பேரும் அதே நம்பிக்கையில் வளர்ந்தவர்கள். சோபெகெம்சாஃப் என்ற அரசனின் பெயர் பொறித்த, தங்கத்தில் பதித்த பச்சைக் கல் வண்டு ஒன்று இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நெஞ்சின் மேல் வைத்துக் கட்டும் தாயத்து. மறுமையின் தீர்ப்பு நாளில், என் இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே என்று வேண்டும் மந்திரம் அதில் வெட்டியிருக்கிறது.

கிடைத்த தங்கத்தை எட்டுப் பங்கு போட்டார்கள். தலைக்கு 20 டெபென், மொத்தம் 160 டெபென். ஒரு டெபென் ஏறக்குறைய 91 கிராம். மொத்தம் 14 கிலோவுக்கு மேல், ஒருவர் பங்கு 1.8 கிலோ. கல்லறை கட்டும் தொழிலாளிக்கு மாதக் கூலியே தானியமாகத்தான் கிடைக்கும், சுமார் ஐந்தரை மூட்டை. அன்றைய தானிய விலையை எவ்வளவு கூட்டிக் கணக்குப் போட்டாலும் 20 டெபென் தங்கம் பல ஆண்டுக் கூலிக்குச் சமம்.

இனி வழக்கின் முடிச்சு. சில நாள் கழித்து விஷயம் கசிந்து, அமென்பனுஃபரைப் பிடித்துவிட்டார்கள். தீப்ஸ் மேயரின் அலுவலகத்தில் அடைத்தார்கள். அவர் தன் பங்கான 20 டெபெனையும் எடுத்து காயெமோப்பெ என்ற எழுத்தரிடம் கொடுத்தார். எழுத்தர் அவரை விட்டுவிட்டார். திரும்பிப் போனதும் கூட்டாளிகள் தங்கள் பங்கிலிருந்து பிரித்து அவருக்கு ஈடு கொடுத்தார்கள். அதற்கப்புறமும் திருட்டைத் தொடர்ந்தோம், இன்றுவரை தொடர்கிறோம், எங்களைப் போல இன்னும் நிறையப் பேர் இதையே செய்கிறார்கள் என்று சொல்லி முடிக்கிறார். லஞ்சத்தைக் கூட்டுச் செலவாக எல்லோரும் பகிர்ந்துகொண்ட இந்த ஏற்பாடு, திருட்டை விடவும் முக்கியமான தகவல் என்பது என் எண்ணம். ஒருவர் மாட்டினாலும் குழு உடையாது. மாட்டுவது ஒரு செலவு, அவ்வளவுதான்.

சரி, அதிகாரிகள் பக்கம் வருவோம். அன்றைய தீப்ஸில் இரண்டு மேயர்கள். கிழக்குக் கரை நகரத்துக்கு பாசர். மேற்குக் கரைக்கும் கல்லறைக் காவலுக்கும் பவெரா. இருவருக்கும் ஆகாது. 16-ஆம் ஆண்டில் பாசர் ஒரு புகார் கொடுத்தார்: மேற்கே அரச கல்லறைகள் கொள்ளை போகின்றன. பவெராவின் காவலில் இருக்கும் இடம். ஆகவே புகார் நேராக அவர் மேல்தான். தலைமை அமைச்சர் காயெம்வாசெத் ஒரு சோதனைக் குழுவை அனுப்பினார். வெள்ளக் காலத்தின் மூன்றாம் மாதம் 18-ஆம் நாள் குழு மலைச்சரிவுக்குப் போனது. குழுவில் முன்னால் நின்றவர்களில் பவெராவும் ஒருவர். யார் மேல் புகாரோ அவரே சோதிக்கவும் போனார்.

பத்து அரச கல்லறைகளைப் பார்த்தார்கள். ஒன்பது பத்திரம், ஒன்று மட்டும் கொள்ளை போயிருக்கிறது. அந்த ஒன்று சோபெகெம்சாஃபின் பிரமிடு. பக்கத்தில் நெபாமுன் என்ற தானியக் களஞ்சிய அதிகாரியின் கல்லறை இருக்கிறது. அதன் வெளி மண்டபத்திலிருந்து பிரமிடின் அடிவரை குடைந்திருக்கிறார்கள். நூப்கெபெர்ரே இன்டெஃப் அரசனின் பிரமிடிலும் ஒரு முயற்சி நடந்திருந்தது. அங்கேயும் அதே உத்தி: பாழடைந்து கிடந்த யூரி என்ற கோயில் அதிகாரியின் கல்லறைக்குள் நின்று, இரண்டரை முழம் குடைந்து, அதற்கு மேல் முடியாமல் விட்டிருக்கிறார்கள். எகிப்திய முழக் கணக்கில் அது ஏறக்குறைய 1.3 மீட்டர். ஒருவர் குனிந்து உட்கார்ந்து வெட்டும் அளவு. அரசனை எட்டவில்லை, கல்லறைக்குச் சேதமில்லை என்று அறிக்கை எழுதியது.

பிரபுக்கள், சாதாரண மக்களின் கல்லறைகளைப் பற்றி அறிக்கையில் வருவது மிகச் சுருக்கம். எல்லாம் கொள்ளை போயிருந்தன. உடல்களைப் பெட்டியிலிருந்து இழுத்து வெளியே மணலில் எறிந்திருந்தார்கள். இதை எழுதிவிட்டு அறிக்கை அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. அரசர்களைத் தேடிப் போன குழுவுக்கு இது கணக்கில் வரவில்லை. ஆனால் சுரங்கம் இரண்டும் எங்கிருந்து தொடங்கின? நெபாமுன், யூரி போன்றவர்களின் கல்லறைகளிலிருந்துதான். திறந்து கிடந்த சிறிய கல்லறை ஒவ்வொன்றும் அரசனின் கல்லறைக்கு மறைவான வாசல். ரோந்து வரும் காவலர் கண்ணில் படாமல் நாள்கணக்கில் உள்ளே நின்று குடையலாம். வழக்கின் வழிமுறை முழுவதும் அந்த ஒரு பத்திக்குள் இருந்தது.

மறுநாள் 19-ஆம் நாள். பெய்காரு என்ற செம்புக் கொல்லர் ஏற்கெனவே பிடிபட்டிருந்தார். ராம்சேஸ் III-இன் மனைவியான அரசி இசிஸின் கல்லறையிலிருந்து சில பொருள்களை எடுத்ததாக இரண்டு ஆண்டு முன்பு ஒத்துக்கொண்டவர். அவரைக் கண்ணைக் கட்டி, தலைமை அமைச்சரே கூடப் போய், அரசிகளின் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கட்டை அவிழ்த்து, நீ திருடிய கல்லறையைக் காட்டு என்றார்கள். அவர் காட்டியது யாரையும் அடக்கம் செய்யாமல் திறந்து கிடந்த ஒரு கல்லறையையும், ஒரு தொழிலாளியின் குடிசையையும். கடுமையாக அடித்தார்கள். வேறெதுவும் தெரியாது என்று சத்தியம் செய்தார். பொய் என்றால் மூக்கையும் காதையும் அறுக்கலாம், கழுவில் ஏற்றலாம் என்பது அந்தச் சத்தியத்தின் வாசகம். அதிகாரிகள் மற்றக் கல்லறைகளின் முத்திரைகளைப் பார்த்தார்கள். முத்திரை கலையவில்லை. எல்லாம் பத்திரம் என்று திரும்பினார்கள்.

அன்று மாலை நடந்ததை அபட் பாபிரஸ் விரிவாகவே சொல்கிறது. மேற்குக் கரைக் கல்லறைத் தொழிலாளர்கள், அதிகாரிகள், காவலர்கள் எல்லோரும் ஊர்வலமாக ஆற்றைக் கடந்து கிழக்குக் கரைக்கு வந்தார்கள். பாசரின் வீட்டு வாசல்வரை ஆரவாரம். தாங்கள் குற்றமற்றவர்கள் என்று நிரூபணமான கொண்டாட்டம். பாசருக்குத் தாங்க முடியவில்லை. என் வீட்டு வாசலிலேயே வந்து குதிக்கிறீர்களா, நீங்கள் களிக்கிற அளவுக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை, சோபெகெம்சாஃப் கல்லறை கொள்ளை போனது உண்மைதானே என்று கேட்டார். இன்னும் ஐந்து குற்றச்சாட்டுகள் என்னிடம் இருக்கின்றன, கல்லறை எழுத்தர்கள் இருவர் சொன்னவை, நேராக ஃபாரோவுக்கே எழுதப் போகிறேன் என்று சத்தியம் செய்தார். கோபத்தில் சொன்ன பேச்சு. பவெரா அதை வார்த்தை பிசகாமல் எழுதி, அடுத்த நாளே தலைமை அமைச்சருக்கு அனுப்பிவிட்டார்.

21-ஆம் நாள் மன்றம் கூடியது. செம்புக் கொல்லர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குற்றமில்லை என்று விடுதலை. பாசர் சொன்னது தவறு என்று முடிவு. அறிக்கை ஆவணக் காப்பகத்துக்குப் போனது.

இந்த வழக்கை எடுத்துச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பவெராவைக் கூட்டுக் கள்வன் என்பார்கள். திருடர்களோடு பங்கு, அதனால் பொய் அறிக்கை என்பது வாதம். பவெராவைச் சந்தேகிக்கக் காரணங்கள் உண்டு. ஆனால் அறிக்கை பொய்யா என்பதைச் சோதித்துப் பார்க்க நமக்கு வழி இருக்கிறது. அதைச் சோதித்தால் நான் வேறு முடிவுக்குத்தான் வருகிறேன்.

பத்தில் ஒன்று இன்டெஃப் II-இன் கல்லறை. அதன் முன் நிற்கும் கல்வெட்டில் அரசனும், காலடியில் பெஹ்கா என்ற நாயும் இருப்பதாக அறிக்கை குறிக்கிறது. 1860-ல் ஃப்ரெஞ்சு ஆய்வாளர் மரியெட் மேற்குக் கரையில் அந்தக் கல்வெட்டின் உடைந்த பகுதியைக் கண்டெடுத்தார். அரசனின் நாய்கள் அதில் இருக்கின்றன, அவற்றில் ஒன்றின் பெயர் பெஹ்கா என்றே வெட்டியிருக்கிறது. ஒரு நாயின் பெயரைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றால், அந்தக் குழு அந்த இடத்தில் நின்று பார்த்திருக்கிறது. இன்டெஃப் நூப்கெபெர்ரேயின் பிரமிடு இன்னும் வலுவான சாட்சி. திருடர்கள் எட்டவில்லை என்று எழுதினார்களே, அது உண்மை. 1827-ல் உள்ளூர்க்காரர்கள் அந்தக் கல்லறையை உடைத்தபோது அரசன் தன் பொன் பூசிய பெட்டிக்குள்ளேயே இருந்தார். அந்தப் பெட்டி இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. உடலைப் பிய்த்துப் போட்டுவிட்டார்கள். ஏறத்தாழ 2,900 ஆண்டு முந்தைய சோதனைக் குழுவின் முடிவு அங்கே சரி. 2001-ல் ஜெர்மன் குழு கண்டுபிடித்த பிரமிடும் இதே இன்டெஃபுடையதுதான். தேடும் இடத்தைச் சுருக்க அபட் பாபிரஸ் சொல்லும் அடையாளங்கள் உதவின.

ஆக அறிக்கை மெய். குறை எங்கே என்றால், குழுவிடம் கேட்ட கேள்வியில். எத்தனை கல்லறை கொள்ளை போயிருக்கிறது, பாசர் சொன்னது சரியா என்பதுதான் கேள்வி. ஒன்பது பத்திரம் என்று பதில் வந்ததும் எல்லோரும் கொண்டாடினார்கள். ஓர் அரசனையும் அரசியையும் எரித்த செய்தி, பாசர் தோற்றார் என்ற செய்திக்குப் பின்னால் போய்விட்டது. 20 டெபென் வாங்கிக்கொண்டு விட்ட எழுத்தர் யார், அவருக்கு மேலே யார் என்று மன்றத்தின் முடிவில் ஒரு சொல் கிடையாது. பிடிபட்டவரை அடைத்து வைத்தது தீப்ஸ் மேயரின் அலுவலகத்தில், அதாவது புகார் கொடுத்த பாசர் வகித்த பதவியின் அலுவலகத்தில். அந்தக் கதவைத் திறந்தால் இரண்டு மேயருக்கும் சங்கடம். யாரும் திறக்கவில்லை. எட்டுப் பேரை மாற்றினாலும் வேறு எட்டுப் பேர் வருவார்கள்; அந்த எழுத்தரின் மேசைதான் கொள்ளையின் மையம் என்பேன்.

கஷ்டமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. கல்லறைத் தொழிலாளர் கிராமமான தெய்ர் எல் மெதினாவில், ராம்சேஸ் III-இன் 29-ஆம் ஆண்டிலேயே தானியக் கூலி வராமல் பசிக்கிறது என்று வேலையை நிறுத்திக் கோயில் வாசலில் உட்கார்ந்தார்கள். ராம்சேஸ் IX காலத்துக் குறிப்புகளில் கூலித் தாமதம் வருகிறது. பாலைவனத்திலிருந்து அந்நியர் நுழைந்ததால் வேலை இல்லை என்ற நாள்களும் வருகின்றன. தானிய விலையும் ஏறியிருந்தது. வாரக்கணக்கில் கூலி பாக்கி, காலடியில் மண்ணுக்குள் தங்கம். இதை நியாயமாகச் சொல்லவில்லை; ஆனால் பசி இல்லாமல் இவ்வளவு பேர் இதில் இறங்கியிருக்க மாட்டார்கள்.

அடுத்த ஆண்டு, 17-ஆம் ஆண்டில், மறுபடி சோதனை. அரசி இசிஸின் கல்லறையில் வாசலை அடைத்திருந்த கருங்கல்லை உடைத்திருந்தார்கள். உள்ளே எல்லாம் நாசம். அதே ஆண்டில் எட்டுத் திருடர்கள் பிடிபட்டார்கள். அவர்கள் கல்லறைத் தொழிலாளர் கிராமத்துக்காரர்கள். பாசரின் வாசலில் ஆரவாரம் செய்த கூட்டம் வந்த அதே கிராமம். ஊரில் பலர் வீட்டிலிருந்து தங்கம், வெள்ளி, செம்பு என்று மீட்ட பட்டியல் ஒரு பாபிரஸில் இருக்கிறது. அந்த மீட்பு நடவடிக்கையிலும் பவெரா பதவியில்தான் இருக்கிறார்.

அப்புறம் முப்பது ஆண்டுகள் போல ஓடி, ராம்சேஸ் XI காலத்தில் இன்னொரு பெரிய விசாரணை வந்தது. அபட் பாபிரஸின் பின்புறத்தில் அந்தப் புது விசாரணை நடந்த ஆண்டின் தேதியோடு திருடர்களின் பெயர்ப் பட்டியலை எழுதியிருக்கிறார்கள். அதாவது பழைய கோப்பை எடுத்துத் தூசி தட்டி, பின்பக்கத்திலேயே புது வழக்கைத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கும் பின்னால் வந்த குருமார்கள் வேறு வழியில்லாமல், எஞ்சிய அரசர்களைக் கல்லறைகளிலிருந்து வெளியே எடுத்தார்கள். மீதமிருந்த பொன்னைக் கழற்றிக்கொண்டு, புதுத் துணி சுற்றி, தெய்ர் எல் பஹ்ரி மலையிடுக்கில் ஓர் ஆழக் குழியில் சேர்த்து மறைத்தார்கள். 1881-ல் அரசு அதிகாரிகள் அந்தக் குழிக்குள் இறங்கியபோது சேதி I, ராம்சேஸ் II எல்லோரும் வரிசையாகக் கிடந்தார்கள். பத்திரம் என்று 16-ஆம் ஆண்டு அறிக்கை எழுதிய பட்டியலிலிருந்து அமென்ஹோடெப் I, செக்கனென்ரே இருவரும் அங்கே இருந்தார்கள். சோபெகெம்சாஃபைச் சேர்க்க உடல் இல்லை.

கோப்பும் தப்பவில்லை. வியன்னாவில் உள்ள ஒரு பாபிரஸ், ராம்சேஸ் XI காலக் குழப்பத்துக்குப் பின் மக்களிடமிருந்து விலை கொடுத்துத் திரும்ப வாங்கிய ஆவணங்களின் பட்டியலைத் தருகிறது. இரண்டு பானைகளில் போட்டு வைத்தார்கள். பட்டியலில் பிரமிடுகளைச் சோதித்த பதிவும், இந்த அரசனின் பிரமிடுக் கொள்ளை பற்றிய பதிவும் இருக்கின்றன. கல்லறைக் கொள்ளை வழக்கின் காகிதங்களே கொள்ளை போய், காசு கொடுத்து மீட்டவை.

வாக்குமூலச் சுருளின் கீழ்ப்பாதி 19-ஆம் நூற்றாண்டில் அம்ஹெர்ஸ்ட் பிரபுவின் சேகரிப்பில் சேர்ந்தது. இப்போது நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. மேல்பாதி எங்கே என்று பல காலம் யாருக்கும் தெரியாது. பெல்ஜியம் அரசர் லியோபோல்ட் II பட்டத்துக்கு வருமுன் எகிப்துக்குப் போய்க் கொண்டுவந்த பொருள்களில் காய் என்ற அதிகாரியின் சிறு மரச்சிலை ஒன்று இருந்தது. 1935-ல் பிரஸ்ஸல்ஸ் மியூசியத்தில் ஜான் கப்பார் அந்தச் சிலையைப் பரிசோதித்தார். சிலையின் உள்ளே குடைந்த குழி. குழிக்குள் ஒரு பாபிரஸ் சுருள். விரித்துப் பார்த்தால், நியூயார்க்கில் இருக்கும் துண்டின் மேல்பாதி.